மருமகள் கொண்டுபோன வென்டிலேட்டர்

சுவா
9 மார்ச் 1997

கொப்பரை வாசம் பிடித்த மச்சான் கெலெமெந்திக்கு,

ரேவா சேற்றில் பிறந்து, இப்போது வெள்ளைக் கோட்டு போட்டுத் திரியும் உன் மச்சான் சாக்கியுசா எழுதுவது. இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உன் இடுப்பு வலி எப்படி? நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்றதிலிருந்து நீ குனிந்து ஒரு துரும்பையும் எடுப்பதில்லை என்று கேள்வி, பிறகு வலி எங்கிருந்து வருகிறது? உன் வீட்டிலிருக்கும் பெரியவரையும் நான் விசாரித்ததாகச் சொல். இந்தக் காலத்துப் பையன்கள் அக்காவோடு சினிமாவுக்கே போகிறார்கள். நம் வளர்ப்பு அப்படியில்லை. எனக்கு மீசை அரும்பிய நாளிலிருந்து என் அக்காவோடு எனக்குப் பேச்சு உன் வழியாகத்தான், அதுவும் 'பெரியவர்', 'அவர்' என்றுதான்.

சேதிக்கு வருகிறேன். அக்டோபரில் மெல்போர்னிலிருந்து ஒரு குழு வருகிறது. நம் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பயிற்சித் துறையாக ஏற்கலாமா என்று பார்க்கப் போகிறார்கள். ஏற்றால் நம் பிள்ளைகள் இங்கேயே படித்து இங்கேயே சிறப்பு மருத்துவர் ஆவார்கள். ஏற்காவிட்டால் வழக்கம்போல வெளிநாடு போவார்கள். போனவர்களில் எவன் திரும்பி வந்தான்? நான் ஒருத்தன்தான் புத்தி கெட்டு வந்தேன். எனக்கும் வயதாகிறது. நான் போன பிறகு இதைப் பார்க்க ஆள் இல்லையென்றால், நீயும் நானும் பட்ட பாடெல்லாம் வீண்.

ஆறு படுக்கை, ஆறு புது வென்டிலேட்டர் என்று குழுவுக்கு எழுதியிருந்தேன். இப்போது ஐந்து. ஆறாவதை உன் மகள் கொண்டுபோய்விட்டாள்! போன வாரம் லம்பாசா ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்களுக்கான பயிற்சி வகுப்புக்கு வந்தவள், பிரிக்காத பெட்டி ஒன்று சுவரோரம் இருப்பதைப் பார்த்து அதன்மேல் கையை வைத்தாள். "மாமா, இது எனக்கு." அவ்வளவுதான். என் பயிற்சி டாக்டர்கள், நர்சுகள் எல்லோரும் சிரித்து, கையைக் குவித்துத் தட்டிவிட்டார்கள். அக்கா பிள்ளை தொட்டதை இல்லையென்று சொல்லும் மாமன் ரேவாவில் பிறக்கவில்லை. நானும் கை தட்டினேன், கொடுத்தது கொடுத்ததுதான். சாயங்காலக் கப்பலில் பெட்டி போய்விட்டது. எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

உன் மச்சான்,
சாக்கியுசா

சாவுசாவு
2 ஏப்ரல் 1997

சேற்று நண்டுக்கு,

உன் கடிதத்தை இவளுக்கு வாசித்துக் காட்டினேன். மகள் பெட்டியில் கை வைத்த இடம் வந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு "அவனுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இடுப்பு வலி உன்னைப் பார்த்தால்தான் அதிகமாகும்.

லைசானி ஐந்து வயதில் உன் வீட்டுச் சேவலை இடுக்கிக்கொண்டு வந்தாள். வாய் திறந்தாயா? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உன் ரேடியோ. அப்போதும் பல்லைக் காட்டினாய். இப்போது மட்டும் என்ன முனகல்?

ஆறு படுக்கையா! பெரிய ஆள்தான் நீ. வார்டு மூலையில் ஒரு திரைச்சீலையும் ரெண்டு கட்டிலுமாக நாம் ஆரம்பித்ததை இங்கே தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு கட்டில் பிரசவ வார்டிலிருந்து நான் தள்ளிக்கொண்டு வந்தது, அந்த நர்சம்மா சாகும்வரை என்னோடு பேசவில்லை. டியூப்களைக் குழந்தை குளிப்பாட்டும் தொட்டியில் கழுவி, யூனிபாரங்களோடு கொடியில் காயப் போட்டதற்கு, "நீங்க நடத்துறது ஆஸ்பத்திரியா சலவைக்கடையா?" என்று பெரிய டாக்டர் கத்தினாரே!

நவுவா வாத்தியார் ஞாபகமிருக்கிறதா? கால் விழுந்து, கை விழுந்து, கடைசியில் மூச்சும் விழுந்து வந்தவர். இருந்த ஒற்றை மெஷினும் புகைந்து போய், ஆம்பு பையைக் கையால் அழுத்தியே அவருக்கு மூச்சுக் கொடுத்தோம். நம் கை ஓய்ந்ததும் அவர் ஊர்ச் சர்ச்சுப் பாட்டுக் குழு வந்து முறை போட்டு அழுத்தியது. பாட்டின் தாளத்துக்குத்தான் அழுத்த வரும் என்று அடம். ஒருநாள் அடக்க ஆராதனைப் பாட்டை இழுத்து இழுத்துப் பாட, வாத்தியார் உதடு நீலமாகிவிட்டது. நான் போட்ட கூச்சல்! "ஐயா, இந்தப் பாட்டுக்கு மூச்சு விட்டா மனுஷன் நேரா பரலோகந்தான்! கல்யாணப் பாட்டு ஏதாவது பாடுங்கய்யா!" பாடினார்கள். போதகருக்குக் கோபம் வந்தது, வாத்தியாருக்கு நிறம் வந்தது. அந்த நாட்கள் போல இனி வராது, மச்சான்.

கப்பலில் ஒரு மூட்டை சேப்பங்கிழங்கு அனுப்புகிறேன். இவள் தோட்டத்தில் விளைந்தது.

கெலெமெந்தி

சுவா
15 ஜூன் 1997

கிழங்கு அனுப்பி வாயை அடைக்கப் பார்க்கும் மச்சானுக்கு,

கிழங்கு வந்தது. மாவு போல வெந்தது. அவருக்கு என் நன்றியைச் சொல். உப்பைக் குறைத்துவிட்டேன் என்றும் சொல், பாதி உண்மை.

குழுவின் தலைவி டாக்டர் பெவர்லி என்று ஒருவர். கடிதத்தைப் படித்தாலே முதுகு நிமிர்கிறது. ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு வென்டிலேட்டர் கட்டாயம் என்று கண்டிப்பாக எழுதிவிட்டார். இன்னொன்று வாங்க அமைச்சகம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறது. நானே மருமகளிடம் "திருப்பிக் கொண்டு வா" என்று கேட்டால் ஊரில் தலை காட்ட முடியாது. நீ அப்பன். பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தை போட்டுப் பார். ஒரே ஒரு வாரம் இங்கே இருந்தால் போதும், பிறகு அவளே வைத்துக்கொள்ளட்டும்.

பயிற்சி டாக்டர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு பெண் ரொட்டுமாத் தீவுக்காரி, கை அவ்வளவு சுத்தம், உன்னைப் போலவே வாய்த்துடுக்கு. காலையில் வகுப்பெடுக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன், நீ திரைக்குப் பின்னாலிருந்து முகம் கோணிக் காட்டுவாய் என்று. இப்போது திரை இல்லை, கண்ணாடிச் சுவர். முகம் கோண ஆளும் இல்லை.

சாக்கியுசா

சாவுசாவு
20 ஜூலை 1997

மச்சானுக்கு,

சுகம், சுகம். இவளுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். மாதர் சங்கத்துக்குப் பாய் முடைகிறேன் என்று ஈரத் தரையில் உட்கார்ந்ததன் பலன். கேட்டால், "நீ நர்ஸா இருந்தது போதும், சும்மா இரு" என்கிறாள்.

நீ சொன்னபடி லைசானியிடம் பேச்சோடு பேச்சாகப் போட்டேன். லம்பாசா ஆஸ்பத்திரியில் ஒரு மூலையில் கட்டிலைப் போட்டு மெஷினை வைத்திருக்கிறாள். ரெண்டு நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறாள். நான் போனபோது கரும்புத் தோட்டத்துப் பையன் ஒருத்தன் அதில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். "அப்பா, அவனை எறக்கிட்டு மெஷினைக் கட்டித் தரவா? நீங்களே சொல்லுங்க" என்றாள். நான் டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

பையன் பிழைத்துவிட்டான் என்று நேற்று சேதி. நீ அந்த மூலையைப் பார்க்க வேண்டும். நம் மூலை மாதிரியே, மச்சான். திரைச்சீலை கூட அதே பச்சை.

கெலெமெந்தி

சுவா
7 செப்டம்பர் 1997

மச்சானுக்கு,

ஆகஸ்டில் போட்ட என் கடிதத்துக்குப் பதில் காணோம். இடுப்போடு கையும் பிடித்துக்கொண்டதா? அவருடைய இருமல் நின்றதா? அதையாவது எழுது.

இங்கே வேலை தலைக்கு மேல். அதற்கு நடுவே உன் மகள் தினமும் மத்தியானம் டெலிபோன். யாரோ ஒரு பெண்மணி, ஐம்பத்தெட்டு வயது, நிமோனியா முற்றி வந்திருக்கிறாள். விமானத்தில் இங்கே அனுப்பவும் முடியாத நிலை. நம் மெஷினில்தான் போட்டிருக்கிறாள். நெஞ்சுப் படத்தைப் பார்த்து அவள் சொல்லச் சொல்ல, நான் இங்கிருந்தே சொல்லிக் கொடுக்கிறேன். சளி என்ன நிறம், மூத்திரம் எவ்வளவு போகிறது, எந்தப் பக்கம் புரட்டிப் போட வேண்டும், எல்லாம். கெட்டிக்காரி, மச்சான். ஒருமுறை சொன்னால் போதும்.

ஆனால் அந்தப் பெண்மணி தேறுவதாகத் தெரியவில்லை. நுரையீரல் ரெண்டும் போய்விட்டன. நேற்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். "லைசானி, அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாரு. அதுக்கு மேல இழுக்காத, விட்டுடு. வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுப் பேசு." லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரி மாமா, ராத்திரிக்கு மருந்து அளவு என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

உன்னிடம் மறைப்பானேன், அந்த மெஷின் காலியானால் குழு வருவதற்குள் கேட்டுப் பார்க்கலாம் என்றும் மனசின் ஓரத்தில் ஓடியது.

சாக்கியுசா

சுவா
18 செப்டம்பர் 1997

மச்சான்,

நீ ஏன் எழுதவில்லை? உன் வீட்டுக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, உன் மகள் மெஷினை எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். "நான் முப்பது வருஷமா இதைப் பார்க்கிறேன். யாரோ ஒருத்திக்காக எத்தனை பேரைக் காக்க வைப்ப? நாளைக்கு ஒரு சின்னப் பையன் வந்தா எதுல போடுவ?" கேள்வி நியாயமானதுதானே? ஆனால் அவள் எதிர்த்துப் பேசவில்லை, அதுதான் என்னவோ போல் இருக்கிறது. எதிர்த்துப் பேசாத லைசானியை நான் பார்த்ததில்லை. நீ அப்பன், கொஞ்சம் விசாரி. அந்தப் பிள்ளை ஒற்றை ஆளாக நின்று களைத்துப் போயிருப்பாள்.

அவர் எப்படி இருக்கிறார்?

சாக்கியுசா

லம்பாசா
24 செப்டம்பர் 1997

மச்சான்,

உன் கடிதங்கள் மூன்றும் சேர்ந்து கிடைத்தன. கொஞ்ச நாளாக மகளோடு இங்கே இருக்கிறேன். கரும்பு ஆலைப் புகையில் துணியெல்லாம் கரி. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

எழுத நிறைய இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நவுவா வாத்தியாருக்கு நாம் பையை அழுத்திக்கொண்டிருந்தபோது பெரிய டாக்டர் ஒருநாள் வந்தார். இவன் இனி எழுந்திரிக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்துங்கள், மற்ற நோயாளிகளைப் பாருங்கள் என்றார். அவர் கெட்டவரில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்போது அவருக்கு எதிரே நின்று, கையை எடுக்காமல் ஒரு சின்ன டாக்டர் சொன்னான்: "எனக்கு இன்னும் கை வலிக்கல சார்."

அந்தச் சின்ன டாக்டரைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

கெலெமெந்தி

சுவா
3 அக்டோபர் 1997

மச்சான்,

நீ ஒரு பொல்லாத பயல். உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் எப்போது அந்தப் பெரிய டாக்டர் ஆனேன் என்று எனக்கே தெரியவில்லை.

லைசானிக்கு நானே போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை கதையெல்லாம் விடு. உன் கை வலிக்கிற வரைக்கும் அழுத்து" என்றேன். அப்போதுதான் சொன்னாள், நாலு நாளாகக் காய்ச்சல் இல்லையாம். அந்தப் பெண்மணி கண் திறந்து பார்க்கிறாளாம். அடிக் கள்ளி! மெஷினை எப்படிக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைப்பது என்று ஒரு மணி நேரம் பேசினோம். ரொட்டுமாப் பெண்ணும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். மச்சான், அவ்வளவு நல்ல வகுப்பை நான் இந்த வருஷம் எடுத்ததில்லை.

குழு வந்துவிட்டது. ஐந்துதான் இருக்கிறது, ஆறாவது என் அக்கா மகளிடம் இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். "கையெழுத்து வாங்கினீர்களா?" என்று டாக்டர் பெவர்லி கேட்டார். "அவள் கையை வைத்தாள், நாங்கள் கை தட்டினோம்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். இந்தக் கடிதத்தை விமானத் தபாலில் போடுகிறேன், அடுத்த வியாழக்கிழமை நாங்களும் வருகிறோம். துறை கைநழுவிப் போனால் அன்றைக்குத்தான் போகும். நீ பக்கத்தில் இரு.

சாக்கியுசா

லம்பாசா
16 அக்டோபர் 1997

மச்சான்,

அன்றைக்கு நீ என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் விமானம் ஏறினாய். கோபம் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதாமல் இருந்தது லைசானி கேட்டுக்கொண்டதால். அவள் தாயை மெஷினில் போட்ட அன்றைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மான்னு தெரிஞ்சா மாமா வாயே திறக்க மாட்டாருப்பா. அம்மாவோட நெஞ்சு, சளி, மூத்திரம்னு ஒரு வார்த்தை அவர் நாக்குல வராது. தலையைக் குனிஞ்சிட்டு அழுதுட்டு இருப்பாரு. யாரோ ஒரு பொம்பளைன்னா பேசுவாரு. எனக்கு இப்ப மாமா வேணாம், டாக்டர்தான் வேணும்." அவள் சொன்னது சரிதானே? உன் அக்கா என்று தெரிந்திருந்தால் நீ பேசியிருப்பாயா? நான் உனக்குப் பொய் எழுத மாட்டேன். அதனால் எழுதவில்லை.

நீ விடச் சொன்ன அன்று அவள் வெளியே வந்து படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா அம்மாவை விடச் சொல்லிட்டாருப்பா" என்று தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கும் உலகம் நின்றுவிட்டது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான்தான் படியிலேயே கிடந்தேன்.

வியாழக்கிழமை நீ அந்த அம்மாளோடு பேசிக்கொண்டே உள்ளே வந்தாய். கட்டில் பக்கம் திரும்பினாய். பேச்சு நின்றது. அப்படியே வாசலோரம் தரையில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டாய். "டாக்டருக்கு என்ன ஆச்சு?" என்று அவர் பதறிப்போனார். லைசானி சொன்னாள்: "அது எங்க அம்மா. இவர் அவங்க தம்பி. அக்கா படுத்திருக்கப்போ தலைக்கு மேல நிக்க மாட்டாரு." நீ குனிந்திருந்ததால் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாய். பிறகு முழங்கால் முறியும் சத்தத்தோடு அவரும் உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குழுவில் மற்ற ரெண்டு பேரும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள். அங்கிருந்தே லைசானியைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், ஒரு இடத்தில்கூட நீ வாய் திறக்க வேண்டி வரவில்லை. என் மகளைப் பற்றி நானே பெருமையடிக்கக் கூடாது. ஆனாலும் அடித்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை டியூபை எடுத்துவிட்டாள். உன் அக்கா மூச்சு விடுகிறாள், மச்சான். தானாக விடுகிறாள்.

கெலெமெந்தி

சுவா
28 அக்டோபர் 1997

மச்சான்,

குழுவின் கடிதம் வந்துவிட்டது. ஏற்றுக்கொண்டார்கள். சுவாவில் ஐந்து படுக்கை, லம்பாசாவில் ஒன்று, ரெண்டும் ஒரே துறை என்று எழுதியிருக்கிறார்கள். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் மூன்று மாதம் லைசானியிடம் படிக்க வேண்டுமாம். நர்சுகள் ஆடிப் பாடுகிறார்கள். ரொட்டுமாப் பெண் கேக் வெட்டினாள். இத்தனை வருஷம் இந்த நாளுக்காகத்தான் உயிரை விட்டேன். இப்போது அது வந்து நிற்கிறது, என்னால் சிரிக்க முடியவில்லை.

நான் விடச் சொன்னேன், மச்சான். அதுவும் மெஷின் காலியாகட்டும் என்ற நினைப்போடு. சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே கிடந்து ஏதோ ஒரு இலையால் விசிறிக்கொண்டே இருந்தவர். அவரை விடச் சொன்னேன். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. நீ சொல்லாதே என்று கேட்கவும் எனக்கு யோக்கியதை கிடையாது.

அவர் சாப்பிடுகிறாரா?

சாக்கியுசா

சாவுசாவு
16 நவம்பர் 1997

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பேசத்தான் கூடாது, எழுதினால் பாவமில்லை என்று போதகர் மனைவி சொல்கிறாள். தப்பென்றால் அவள் தலையில் போகட்டும். கை இன்னும் நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வீட்டுக்கு வந்துவிட்டோம். கஞ்சியும் மீனும் சாப்பிடுகிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை இவர் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. நானே எடுத்துப் படித்தேன். நீ மறைக்க நினைக்கும் விஷயம் எனக்கு முன்பே தெரியும். ஆஸ்பத்திரி டெலிபோன் என் கட்டில் தலைமாட்டில்தான் இருந்தது. லைசானி காதிலிருந்து தள்ளிப் பிடிக்கும் அளவுக்கு அதில் சத்தம். எனக்குக் கண் திறக்க முடியாது, கை அசையாது. காது மட்டும் விட்டு விட்டுக் கேட்கும். முதலில் அது உன் குரலென்று எனக்குத் தெரியவில்லை. நான் கடைசியாகக் கேட்டது பையன் குரல், இது பெரிய ஆம்பிளைக் குரல். இவள் "மாமா" என்றதும்தான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சையும் கேட்டேன். நெஞ்சு வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு நாள் பேச்சு. மற்ற நாளெல்லாம், வலது பக்கம் புரட்டு, முதுகைத் தட்டிக் கொடு, வாயைத் துடைத்து விடு, உதட்டுக்கு எண்ணெய் போடு, அவளிடம் பெயர் சொல்லிப் பேசு, காது கேட்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அதற்காகவே நான் மத்தியானம் வரட்டும் என்று கிடந்தேன். உனக்கு அது தெரியாது.

இப்போது வீட்டில் மத்தியானம் ஆனால் ஒரு சத்தமும் இல்லை. இவர் தூங்கிவிடுகிறார். லைசானி ஞாயிற்றுக்கிழமை தோறும் இங்கே வருகிறாள். நீ என்னிடம் பேச வேண்டாம், தம்பி. அவளுக்குப் போன் போடு. யாராவது ஒரு நோயாளியைப் பற்றிப் பேசு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உனைசி